டாக்டருக்கு ஒரு வழித்துணை

தலைவலி என்று வந்தவரிடம் தலைவலியைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடுகிற டாக்டரைக் குறை சொல்வது சுலபம். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே! வந்தவருக்கு அழுத்தம் ஏறியிருந்தது பக்கவாதம் வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் 1982இல் மாரடைப்பு, பக்கவாதத் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் எலெய்ன் ஃபுல்லார்ட் என்ற பெண்மணி குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளுக்குப் போனார். அவருடைய வேலைக்கு 'ஃபெசிலிடேட்டர்' என்று பெயர். தமிழில் வழித்துணை எனலாம், அகராதிக்காரர்கள் மன்னிக்கட்டும். டாக்டரை அதட்டும் அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை. நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி எத்தனை பேருக்கு அழுத்தம் பார்த்திருக்கிறது என்று காட்டுவார். விடுபட்டவர்களுக்குப் பரிசோதனை செய்ய அங்குள்ள நர்சைப் பழக்குவார். அவ்வளவுதான்.

பலன்? 1987இல் வெளியான ஒப்பீட்டாய்வில், அவர் துணை நின்ற கிளினிக்குகளில் ரத்த அழுத்தப் பதிவு மற்ற கிளினிக்குகளைவிட அதிகமாகக் கூடியது. புகைப்பழக்கம், உடல் எடை பற்றிய பதிவும் அப்படியே. புது மருந்தும் இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வில் மூன்று நர்சுகள், ஆளுக்கு எட்டு கிளினிக்குகள் வரை பொறுப்பேற்று 18 மாதம் போய்வந்தார்கள். தேவையான சோதனைகளைச் செய்வது மட்டுமல்ல, தேவையில்லாததைச் செய்யாமல் இருப்பதும் மதிப்பெண்ணில் சேர்த்தி. (நம்மூரில் இதைக் கணக்கெடுத்தால் எப்படியிருக்கும்!) ஒருநாள் கருத்தரங்கில் பேசிவிட்டுப் போகிறவரால் இது நடக்காது. திரும்பத் திரும்ப வருகிற ஆள், 'போன தடவை சொன்னது என்ன ஆயிற்று?' என்று கேட்கும்போதுதான் பதிவேடு திறக்கிறது.

ஆனாலும் பதிவேட்டில் எழுதுவது வேறு, உயிரைக் காப்பது வேறு. லூட்டன், டன்ஸ்டபிள் பகுதிகளில் நடந்த 'ஆக்ஸ்செக்' ஆய்வின் முடிவு 1995இல் வந்தது. நர்சுகள் முறைப்படி பரிசோதித்து அறிவுரை சொன்னவர்களுக்குக் கொழுப்பு கொஞ்சம் குறைந்தது, அழுத்தமும் சற்றே. சிகரெட்டை விட்டவர்களின் எண்ணிக்கையில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.