வாசலில் நின்ற வேன்

கோயமுத்தூரில் வண்டி நிறுத்துவதில் சண்டை வராத தெரு ஒன்று இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எங்கள் லே-அவுட்டில் வந்த சண்டை என்னால் வந்தது. அப்போது எனக்கு 67 வயது. முப்பது வருடம் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவன், ஒருத்தரிடமும் குரல் உயர்த்தாதவன் என்று பெயர் வாங்கியவன்.

காரணம் ஒரு வேன். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவ சின்னத் தொட்டி, பின்பக்கம் ஒரு கழிப்பறை. அமெரிக்காவில் இதை ஆர்.வி. என்கிறார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் மேக்கப் போட்டுக்கொண்டு உட்காரும் வண்டி என்றுதான் நினைப்பு.

ஏன் வாங்கினேன் என்று பலர் கேட்டார்கள். ஊர் சுற்றத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் நிஜம்.

நம் வீட்டுப் பெண்கள் பயணம் கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயில். காலையில் கிளம்பினால் பொழுதோடதான் வீடு திரும்ப முடியும். கோயிலைச் சுற்றிலும் கொறங்காடும் வேலியும்தான். ஆம்பளைகளுக்கு அது போதும். ஒரு வருடம் அப்படிப் போய் வந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரிக்குக் குளிர் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டரம்மா. "தண்ணி குடிக்கறதே இல்லையாம்மா?" என்று அவர் கேட்க, இவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் எந்தப் பயணம் என்றாலும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்பாள். மாசி மாதம் வீரப்பூரில் அண்ணமார் படுகளம் பார்க்கவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள்.

2019-ல் பழைய வேன் ஒன்றை வாங்கிக் கரூருக்குக் கொண்டுபோனேன். பஸ் பாடி கட்டுவதில் கரூர்க்காரர்களுக்கு ஈடு கிடையாது. கூண்டு கட்டுபவர் முதலில் சிரித்தார், அப்புறம் நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கழிப்பறைத் தொட்டியைக் கழற்றி எடுத்துக் கொட்டுகிற மாதிரி வைத்தோம். வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றவேண்டும். அதற்கு நடந்த நடையை எழுதினால் தனிக் கதையாகிவிடும். கடைசியில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று பதிவாகி, வெள்ளை போர்டு வந்தது.

எங்களுக்கு நான்கு சென்ட் சைட். போர்டிகோவில் கார் நிற்கும். வேன் இருபது அடிக்கு மேல் நீளம், அதனால் வாசலோரம் தெருவில்தான் நிறுத்தினேன். நான்கைந்து மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் இரண்டு தடவை போய்வந்தோம், குலதெய்வத்துக்கு ஒன்று, பழனிக்கு ஒன்று. பழனி போகும்போது தாராபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து அவள் முழுசாகக் குடித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேன் நின்ற இடத்திலேயே நின்றது. வேப்பிலை விழுந்து மக்கியது, அடியில் பூனை குட்டி போட்டது, டயர் காற்று இறங்கியது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த சனங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுவது என் வேன்தான். வாட்ஸப் குரூப்பில் முதலில் படம் வந்தது, அப்புறம் கேள்வி வந்தது. ஒரு நாள் யாரோ, "அந்தக் கக்கூஸ் வண்டி எப்ப நகரும்?" என்று எழுத, கீழே பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

அதே குரூப்பில்தான் அவளும் இருக்கிறாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் கோலம் போட வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் தை மாதத்தில் பொதுக்குழு கூடியது. அசோசியேஷன் விதியில், சரக்கு வண்டி, வாடகை வண்டி, டெம்போ, டிராக்டர் இவற்றை இரவில் நிறுத்தக்கூடாது என்று இருந்தது. நான் ஆர்.சி. நகலோடு போனேன். மஞ்சள் போர்டு இல்லை, வாடகைக்கு ஓடுவதில்லை, உங்கள் விதியில் என் வண்டி வராது என்றேன். அதோடு விட்டேனா? அங்கீகாரம் வாங்கிய லே-அவுட்டில் தெருவும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, தெரு உங்களுடையதே இல்லை என்றும் சொன்னேன். சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சங்கம் தன் மெம்பரைத்தான் கட்டுப்படுத்தலாம், தெருவுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. சட்டம் என் பக்கம் இருந்தது.

எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார் எழுந்து நிதானமாக ஒரே கேள்வி கேட்டார். "சரிங்க, தெரு எங்களுது இல்லை. உங்களுதுங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 23 அடித் தெருவில் என் வேன் ஏழு அடியை அடைத்துக்கொண்டு நின்றது. எதிரில் ஒரு கார் நின்றால் குப்பை வண்டி திரும்ப முடியாமல் தவிப்பதை நானே பார்த்திருக்கிறேன். விதி எழுதியவன் முட்டாள் இல்லை.

செயலாளர் நல்ல பையன், நாற்பத்தைந்து வயது இருக்கும். "ஐயா, உங்களுக்குக் கார் இருக்குது. இந்த வேன் எதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, எல்லாரும் பேசி ஏதாச்சும் வழி பண்ணலாமுங்க" என்றார். அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அவள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சும்மாங்க, ஊர் சுற்றத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த வாரமே வேனை அன்னூர்ப் பக்கம் மச்சான் தோட்டத்துக்குக் கொண்டுபோய், சாளைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்திவிட்டேன். டல்லாஸில் இருக்கும் மகள் போனில் சிரித்தாள். அங்கேயும் இதே கதைதானாம். வீடு வாங்கும்போதே அசோசியேஷன் விதிகள் பத்திரத்தோடு சேர்ந்து வருமாம், மீறினால் அபராதம், அதையும் கட்டாமல் விட்டால் வீட்டின் மேலேயே பாத்தியதை வைத்துவிடுவார்களாம். ஆர்.வி. வைத்திருப்பவர்கள் பலர் மாதவாடகைக்கு இடம் பிடித்து நிறுத்திவிட்டு, கிளம்புகிற அன்றைக்கு மட்டும் சாமான் ஏற்ற வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவார்களாம். "உங்களுக்காவது மாமா தோட்டம் வாடகை இல்லாமக் கெடச்சுதுப்பா" என்றாள்.

வாடகை இல்லைதான். ஆனால் நினைத்தபோது கிளம்புவது நின்றுபோனது. பத்து நாளைக்கு ஒருமுறை பேட்டரி இறங்காமல் இருக்க ஸ்டார்ட் போட்டுவிட்டு வருவேன், அவளும் கூட வருவாள். மச்சான் சம்சாரமும் அவளும் வேனுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். வீரப்பூர் மட்டும் ஒவ்வொரு மாசிக்கும் தள்ளிப்போனது. 2023-ல்தான் ஒருவழியாகப் போய்ப் படுகளம் பார்த்தோம். கூட்டத்துக்கு அப்பால் ஒரு காட்டில் வேனை நிறுத்தியிருந்தோம். நள்ளிரவில் எங்கள் உறவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் டார்ச் லைட்டோடு வரிசையாக வந்து போனார்கள். தொட்டியை நான்தான் கழற்றிக் கொட்டினேன். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை.

போன ஆவணியில் ஒரு நாள் செயலாளர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, அம்மாவைச் சிவன்மலைக்குக் கூட்டிட்டுப் போகோணும். 81 வயசாச்சுங்க. காருல ரொம்ப நேரம் உக்காந்து வர... அவங்களுக்கு..." என்று இழுத்தார். வீட்டுக்காரி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேனை எடுத்துக்கங்க தம்பி" என்றேன். மேற்கொண்டு நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விடியக் காலையில் கிளம்பவேண்டும் என்பதால் முதல் நாள் இரவே வேன் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. திரும்பி வந்த இரவும் அங்கேயே நின்றது. குரூப்பில் ஒருவரும் படம் போடவில்லை. முதல் நாள் பொழுதோட இவள் ஒரு சின்ன முக்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். வேனில் ஏறும் படி உயரம், அந்த அம்மாவுக்குக் கால் எட்டாது என்றாள். போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.