ஒருநாள் விட்டு ஒருநாள்

"தோமல மந்து, அம்மா!" என்று கேட்டைத் தட்டினார் முன்னால் போன தொழிலாளி. கொசு மருந்துக்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். தோளில் கைத்தெளிப்பான், கையில் டார்ச். வெள்ளிக்கிழமை காலை. செகந்திராபாத்தில் பத்மாராவ் நகரை ஒட்டிய ஒரு பஸ்தி, எளியவர்களின் நெருக்கமான குடியிருப்பு. ஸ்கந்தகிரி முருகன் கோயிலைச் சுற்றி நம்மவர்கள் குடியிருக்கும் தெருக்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வீடுகள் நெருங்கிவிடுகின்றன. மாடிப்படி செங்குத்தாகிறது, வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்கிறது. ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியின் பூச்சியியல் பிரிவுக்காரர்கள் வீடு வீடாகப் போகும் நாளில் கூடப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. "எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தா என்ன தெரியும், அவங்க கூடவே போ" என்று சித்திதான் தள்ளிவிட்டார்.

முதல் வீட்டு டிரம்மில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெளிந்த தண்ணீர், குடிக்கலாம் போல இருந்தது. அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, அசையாமல் நின்றார். நிழல் விழுந்தால் புழுக்கள் அடிக்குப் போய்விடுமாம். மூச்சுவிட மேலே வந்துதானே ஆகவேண்டும்? வந்தன. கமா போட்டது போல நெளிந்து நெளிந்து நாலைந்து. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா அதிரவில்லை. கொட்டச் சொன்னதும்தான் முகம் மாறியது. தண்ணீர் நேற்று வந்தது, இனி நாளைக்குத்தான் வரும், இன்றைக்குத் துணி துவைக்க என்ன செய்வது? தெலுங்கில் வேகமாக நடந்த அந்தப் பேரம் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. முடிவு மட்டும் புரிந்தது. பாதித் தண்ணீர் வாளிக்குப் போனது, மீதி சாக்கடைக்கு. டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்கச் சொல்லி நின்று பார்த்தார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது பொரியும். கொட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் வேலை.

இந்த ஊரின் தண்ணீர்க் கதையைத் தெரிந்துகொள்ளாமல் டெங்குவைப் பேச முடியாது. கிருஷ்ணா தண்ணீர் நாகார்ஜுன சாகரிலிருந்தும், கோதாவரித் தண்ணீர் எல்லம்பள்ளியிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஏறி வருகிறது. 2021 ஜனவரியிலிருந்து வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய் திறக்கிறது. விடுபடும் நாளுக்குத்தான் இந்த டிரம்முகள், சம்ப்புகள், மூடியில்லாத சின்டெக்ஸ்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் காயவிடச் சொல்கிறார்கள். 2020-ல் ஞாயிறு பத்து மணிக்குப் பத்து நிமிடம் என்று மாநில அரசே ஒரு இயக்கம் நடத்தியது. அமைச்சர் தன் வீட்டுப் பூந்தொட்டியைக் கவிழ்த்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் நாளைக்குத் தண்ணீர் வரும் என்ற உறுதி இருப்பவருக்குத்தான் டிரம்மைக் கவிழ்க்கக் கை வரும்.

வசதியான வீடுகள் தப்பித்துவிடவில்லை. நாலு தெரு தள்ளி, கிரில் கேட் போட்ட ஒரு வீட்டில் புழு கிடைத்தது ஏர் கூலரின் அடித்தட்டில். வெயில் போய் எத்தனையோ நாளாகியும் அதில் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டில் மணிபிளான்ட் பாட்டில். இன்னொரு வீட்டில் உள்ளேயே விடவில்லை. "இங்கெல்லாம் ஒன்றுமில்லை, சாக்கடைக்கு மருந்து அடியுங்கள்" என்று ஜன்னலிலிருந்தே பதில் வந்தது.

அந்தப் பதிலில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஒரு குழப்பமும் இருக்கிறது. ராத்திரி காதில் ரீங்கரித்து எரிச்சலூட்டும் கொசு பெரும்பாலும் கியூலெக்ஸ். மூசி ஆற்றிலும், சாக்கடையிலும், ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளிலும் பெருகுவது. ஏரிகளுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டு மருந்து தெளிப்பது அதற்காகத்தான். டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸோ சத்தமில்லாமல் பகலில் கணுக்காலைக் கடித்துவிட்டுப் போகிறது, வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே வாழ்கிறது. ஜனங்கள் புகார் சொல்வது ஒரு கொசுவைப் பற்றி, படுக்கையில் தள்ளுவது இன்னொன்று.

இதையெல்லாம் பேசிக்கொண்டு நடக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கிருந்து சில கிலோமீட்டரில் பேகம்பேட். 2008-ல் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்குப் போய்விட்ட பழைய விமான நிலையத்தின் பக்கத்தில்தான், ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று ஒரு அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றை அறுத்து மலேரியாக் கிருமியைக் கண்ட இடம் இருக்கிறது. ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்கள் கடிக்கும்படி விட்டு, கடிக்கு ஒரு அணா கொடுத்தார். 1902-ல் நோபல் பரிசு ராஸுக்கு வந்தது, அணா கானுக்குப் போனது. அந்தக் கண்டுபிடிப்பு நடந்த 1897-லேயே நீலகிரியில் சீகூர் பக்கம் போய் ராஸே மலேரியாவில் படுத்தவர் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. இந்த மாநகராட்சிக்கு 2023-ல் ஆணையராக வந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பெயர் ரொனால்ட் ரோஸ். யாரும் திட்டமிட்டதல்ல, ஆனால் ஊர் ரசித்தது. எனக்குப் பிடித்த ராஸ் இன்னும் பழையவர். 1883-ல் பெங்களூரில் பணியிலிருந்தபோது தன் தங்குமிடத்தருகே நின்ற தொட்டியில் புழுக்களைப் பார்த்தார். தண்ணீரைக் கொட்டினார், கொசு குறைந்தது. நோபல் பரிசுக்கு முன்னமே, நுண்ணோக்கியே தேவைப்படாமல் கிடைத்த விடை அது.

அந்தப் பகுதியின் பஸ்தி தவாகானாவுக்கும், அதாவது பஸ்தி மருந்தகத்துக்கும், போனேன்; அது ஒரு சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டு அறையில் இருந்தது. டெல்லியின் மொஹல்லா கிளினிக்கைப் பார்த்து 2018 ஏப்ரலில் இங்கே தொடங்கினார்கள். இடம் மாநகராட்சியுடையது, நடத்துவது சுகாதாரத் துறை. ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. சென்னையில் 2023 ஜூனில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்களைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் போனபோது உட்கார்ந்திருந்தவர்களில் காய்ச்சல்காரர்கள் குறைவு. பிரஷர் மாத்திரைக்கு வந்த பாட்டிகள்தான் அதிகம். ரத்தம் எடுத்தால் நாராயணகூடாவிலுள்ள மையப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது, முடிவு போனுக்கு வருகிறது, காசில்லை. தனியார் லேபில் பிளேட்லெட் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு நாளும் காசு கொடுத்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

டெங்கு உறுதியானால் நோயாளியின் முகவரி பூச்சியியல் பிரிவுக்குப் போகும். அந்த வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள் பைரத்ரம் தெளிப்பார்கள், தொட்டிகளைத் தேடுவார்கள். முகவரி சீக்கிரம் வந்தால் பயன். மூன்று நாள் மருந்துக்கடை மாத்திரை, பிறகு ஒரு நர்சிங் ஹோம் என்று நோயாளி சுற்றிவந்தால் அதற்குள் கொசு இன்னும் சிலரைக் கடித்திருக்கும். 2019-ல் டெங்கு மிஞ்சிப்போய், தெலங்கானா உயர் நீதிமன்றம் தலைமைச் செயலாளரையே நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்டது. அன்றைய கேள்விகளின் சாரம் இந்த முகவரிச் சங்கிலியும் டிரம்மும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் கொசுப் புகை அடிக்கும் வண்டி வந்தது. சந்து முழுக்க வெள்ளைப் புகை நிறைந்தது, பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள், வீட்டுக்காரர்கள் அவசரமாக ஜன்னலை மூடினார்கள். ஏடிஸ் இருப்பது ஜன்னலுக்கு உள்ளே. வெளியே பறக்கிற கொசு சாகும், தொட்டியிலிருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் புகையை நிறுத்த எந்தக் கவுன்சிலருக்கும் தைரியம் வராது. அரசு தெருவுக்கு வந்ததைக் கண்ணால் பார்க்கிற நிமிடம் அதுதான். காலையில் டார்ச்சோடு அலைந்தவரை எத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்கள்?

வண்டியை நிறுத்தி ஒருவர் மேற்பார்வையாளரிடம் சண்டைக்கு வந்தார். தன் தெருவுக்குப் புகை அடித்து ரொம்ப நாளாயிற்றாம். மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று இவர் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, புகை எப்போது வரும் என்று மறுபடியும் கேட்டார். மேற்பார்வையாளர் நோட்டை எடுத்துத் தெருப் பெயரை எழுதிக்கொண்டு, "திங்கட்கிழமை" என்றார்.