இரண்டு பிரிவுகள்

தாத்தாவின் குரல் சுமார் 600 மெகாபைட் இருந்தது. 1984இல் சித்தப்பா ஒலிநாடாவில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சு. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது கொள்ளிடக்கரைச் சிறுவனாகத் தாம் கண்டதைத் தாத்தா சொல்லியிருந்தார். 2005இல் அதைக் கணினிக்கு மாற்றினேன். நாடா ஓடி முடிந்தபோது அதன் பூச்சு உதிர்ந்து ஒலிமுனையில் பழுப்பாகப் படிந்திருந்தது. இனி அது ஓடாது. வன்தகடோ ஒரு வாரமாக டிக் டிக்கென்று ஒலித்துக்கொண்டிருந்தது. குறுந்தகட்டில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்போது எனக்கு லினக்ஸ் மோகம். சுட்டியைச் சொடுக்கி வேலை வாங்குபவர்கள்மீது சற்று இளக்காரமும் உண்டு. யோர்க் ஷில்லிங் எழுதிய சிடிரெக்கார்ட் என்னும் நிரலைக் கட்டளை வரியில் இயக்குவேன். அது ஒன்பது விநாடி அவகாசம் தந்து, எண்ணி முடித்த பிறகே லேசரை மூட்டும்.

முதல் தகடு ஆற்றல் அளவீட்டுப் பிழையில் நின்றது. லேசர் முதலில் உள்விளிம்பருகே ஒரு சிறு வளையத்தில் எழுதிப் பார்த்து, அந்தத் தகட்டின் சாயத்துக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்று கணிக்கும். மலிவான தகட்டில் அந்தக் கணிப்பே தேறவில்லை. ஒத்திகை முறையில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒத்திகையில் லேசர் எழுதுவதேயில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நல்ல தகடுகள் வாங்கி, வேகத்தை 48இலிருந்து 8ஆகக் குறைத்தேன். எழுதி முடிந்தது. சரிபார்க்க டிடி கட்டளையால் தகடு முழுவதையும் திரும்ப வாசித்தேன். கடைசியில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. இன்னொரு தகட்டிலும் அதே பிழை. மூன்றாவதிலும் அதுவே. மூன்றும் ஒரே இடத்திலா கெடும்? இந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. ஆத்திரத்தில் இரண்டை உடைத்தேன். மூன்றாவதை அம்மா மாடியில் வடாம் காயுமிடத்தில் காக்கையை விரட்டக் கட்டித் தொங்கவிட்டாள்.

மூன்று வாரத்தில் வன்தகடு செத்தது.

நண்பரிடம் புலம்பியபோது அவர் பொறுமையாக விளக்கினார். தடம் தடமாக எழுதும் முறையில், தடத்தின் முடிவில் இரண்டு பிரிவுகள் கூடுதலாக எழுதப்படும். அவை தரவு அல்ல. வாசிக்க முயன்றால் பிழைதான் வரும். பிம்பக் கோப்பில் எத்தனை பிரிவுகளோ அத்தனை மட்டும் வாசித்து ஒப்பிட்டிருக்க வேண்டும். அல்லது தகடு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைக் கையாண்டிருக்கலாம். நிரலின் குறையன்று. 2006இல் டெபியன்காரர்கள் உரிமத் தகராறில் சிடிரெக்கார்டிலிருந்து பிரிந்து வோடிம் என ஒன்றை உருவாக்கினார்கள். அதிலும் இதே கதைதான். 2048 பைட் கொண்ட பிரிவுகள் இரண்டு. அதற்கு முன்னாலிருந்த தாத்தா மூன்று தகடுகளிலும் முழுதாக இருந்திருக்கிறார்.

மாடிக்கு ஓடினேன். வெயில் அந்தச் சாயத்தை வெளுக்கச் செய்துவிடும் என்று தெரியும். ஆனாலும் துடைத்துப் போட்டேன். பிழைகளைத் தாண்டிச் செல்லுமாறு பணித்து இரவெல்லாம் வாசிக்கவிட்டதில் முதல் இருபத்தேழு நிமிடம் தேறியது. “தூரத்துல ஒரு படகு தெரிஞ்சுது, ஆனா” என்ற இடத்தில் பேச்சு இரைச்சலாகிவிடுகிறது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று சித்தப்பாவைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, நாடாவைத் திருப்பிப் போட எழுந்ததுதான் ஞாபகமிருக்கிறது என்றார்.