சிவப்புத் தரையும் சாம்பல் சுவரும்

டெல்லியிலிருந்து 14 படங்கள் திரும்பி வந்த அன்றுதான் என் அறையைப் பற்றி முதன்முதலாக யோசித்தேன். 2023 ஜனவரி. குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் ஒன்றுக்கு நான் வரைந்த வாட்டர்கலர் படங்கள். இரண்டு மாத உழைப்பு. கூடவே ஒரு வரிக் குறிப்பு: கதையில் வரும் சிறுமியின் முகம் ஏன் நீலம் பாரித்திருக்கிறது?

நீலமா? என் மேஜையில் இருந்தவரை அவள் நல்ல மாநிறமாகத்தான் இருந்தாள். படத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். காலை வெளிச்சத்தில் பார்த்தால் குளிரில் விறைத்துப் போனவள் மாதிரி இருந்தாள். வராந்தாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பட்டுப் புடவையைக் கடைக்குள்ளயே பார்த்து வாங்குவியா? வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கணும்னு உங்கம்மா சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தார். எனக்குத்தான் மறந்துவிட்டது.

ஜெயநகரில் மாமா கட்டிய வீடு இது. அவர் 2018இல் காலமான பிறகு அவரது அறை பூட்டிக் கிடந்தது. 2020 லாக்டவுனில்தான் அது எனக்கு வந்தது. பத்துக்குப் பதினோரு அடி. கம்ப்யூட்டர், கணக்கு வழக்கு, படம் வரைவது எல்லாம் அதற்குள்தான். மாம்பழ மஞ்சள் சுவர், ரத்தச் சிவப்பில் சிமென்ட் தரை, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு பல்பு. குற்றவாளிகள் இந்த மூவரும்தான். வெளிச்சம் சுவரிலும் தரையிலும் பட்டுத் தாளுக்கு வந்து சேரும்போது மஞ்சளையும் சிவப்பையும் பூசிக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே சிவந்து தெரிந்த கன்னத்துக்கு நான் சிவப்பைக் குறைத்திருக்கிறேன். மங்கித் தெரிந்த நீலத்தைக் கூட்டியிருக்கிறேன்.

இது புதிய கதையல்ல. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை வெளுக்க வைத்திருக்கின்றன. நிறம் தனியாக இருப்பதில்லை, அண்டை அயலைப் பொறுத்தே தெரிகிறது என்று 1839இல் புத்தகமே எழுதினார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் திட்டம் போட ஆரம்பித்தேன். முதல் வரி: சுவருக்கு வெளிர் சாம்பல், கூரைக்கு வெள்ளை, இரண்டும் பளபளப்பு இல்லாத பெயின்ட். வீட்டில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் டெபாசிட் போயிருக்கும். "சாம்பலா? மங்களகரமா ஒரு கலர் கிடைக்கலையா?" என்றார் அத்தை. வடக்கு குபேர திசை, பச்சை அடித்தால் பணம் வரும் என்றார் வாஸ்து தெரிந்த உறவினர் ஒருவர். படம் திரும்பி வந்தால் பணம் வராது என்பதுதான் எனக்குத் தெரிந்த வாஸ்து.

உண்மையில் சாம்பல் மீது எனக்கு மரியாதை உண்டு. காரணம் வெங்கடப்பா. 1886இல் பிறந்து 1965இல் மறைந்த கர்நாடக ஓவியர். மைசூர் அரண்மனை ஓவியர் குடும்பத்திலிருந்து கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். கஸ்தூர்பா ரோட்டில் அவர் பெயரில் உள்ள கேலரியில் அவருடைய ஊட்டி வாட்டர்கலர் படங்களைப் பல வருடங்களுக்கு முன் பார்த்தேன். சாம்பல் என்பது நிறமில்லாமை அல்ல, மற்ற நிறங்களுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கும் நிறம் என்று அங்கேதான் புரிந்தது.

ஷேட் கார்டில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துவிடுவோம். தபால்தலை அளவு சாம்பல் சுவர் முழுக்க வந்ததும் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். அதனால் மூன்று சாம்பல்களை இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக அடித்து, காலை, மதியம், மாலை, விளக்கு வெளிச்சம் என்று ஒரு வாரம் பார்த்தேன். "இதுக்கு ஒரு வாரமாம்மா?" என்றார் பெயின்டர். திருவண்ணாமலைக்காரர், இங்கே வந்து இருபது வருடம். கடைசியில் எந்தப் பக்கமும் சாயாத சாம்பலைக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். மாம்பழ மஞ்சளைக் கதவின் வெளிப்பக்கத்தில், அத்தை பார்க்கும் ஹால் பக்கம், அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்தது மேஜை. ஓவியருக்கு வடக்கு ஜன்னல் என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். டெல்லிக்கும் அதே கதைதான். ஆனால் பெங்களூர் சுமார் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிமிர்ந்து நிற்பவை நிழலற்றுப் போகும். அதன்பின் ஆகஸ்டு 18 வாக்கில் திரும்பும்வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான். மே மாதக் காலையில் சூரியன் உதிப்பதும் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளித்தான். ஆகவே என் 'வெயில் படாத' ஜன்னலில் மே மாதம் சாய்வாக வெயில் வந்து உட்காரும். அதற்கு வழி சாதாரண வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு திரை.

வலது கைக்காரி என்பதால் வரையும் பலகையை ஜன்னல் இடது கைப் பக்கம் வரும்படி போட்டேன். கை நிழல் தாளில் விழாது. கம்ப்யூட்டர் ஜன்னலுக்கு எதிரேயும் இல்லை, முதுகிலும் இல்லை, பக்கவாட்டில். திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. ஆபீஸ் வேலைக்கு மாமாவின் தேக்கு மேஜையே போதும். 22க்கு 30 அங்குல முழுத் தாள்களை மடிக்காமல் வைக்க, ஆழம் குறைந்த அகல இழுப்பறைகள் கொண்ட பெட்டி ஒன்று தச்சர் செய்து கொடுத்தார். மழைக்கால ஓதம் ஏறாமலிருக்க அது சுவரிலிருந்து ஒரு கை தள்ளி நிற்கிறது.

விளக்குக்கு பி.வி.கே. ஐயங்கார் ரோடு. கடைக்காரர் எத்தனை வாட்ஸ் என்று கேட்டார். நான் சி.ஆர்.ஐ. எவ்வளவு என்று கேட்டேன். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது. அதிகபட்சம் 100. சாதாரண எல்.இ.டி. பல்புக்கு 80 வாக்கில் இருக்கும். தேடி அலைந்து 90க்கு மேல் உள்ளதை, 5,000 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் வாங்கினேன்.

மிச்சமிருந்தது தரை. அதுதான் பிரச்சினை.

1974இல் இந்த வீடு கட்டியபோது மொசைக்குக் கையில் பணமில்லாமல் மாமா சிவப்பு சிமென்ட் போட்டாராம். சிமென்டில் இரும்பு ஆக்சைடு தூளைக் கலந்து, கரண்டியால் திரும்பத் திரும்ப அழுத்தித் தேய்த்து எடுத்த தரை. அதற்குப் பிறகு அதைத் தேய்த்தவர் அத்தை. தண்ணீரில் துடைத்து, துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஏறத்தாழ ஐம்பது வருடம். இப்போது அதில் முகம் தெரியும். அதன் மேல் சாம்பல் நிற வினைல் ஷீட் ஒட்டுவதுதான் என் திட்டம். அளவெடுக்க வந்தவர் ஒன்று சொன்னார்: பிறகு பிய்த்தால் பசையோடு மினுமினுப்பும் போய்விடும்.

"உன் ரூம், உன் இஷ்டம்" என்றார் அத்தை. அவ்வளவுதான். மூன்று நாள் காபி என் அறைக்கு வரவில்லை, சமையலறையிலேயே இருந்தது. வினைல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க நான் இரண்டு முறை போனை எடுத்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டேன். தாளில் சிவப்பு ஏறக் கூடாது என்பது நியாயம். அதற்காக அவரது ஐம்பது வருடத்தைப் பசை போட்டு மூட எனக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் அத்தை பீரோவிலிருந்து மாமாவின் இரண்டு பழைய எட்டு முழ வேட்டிகளை எடுத்து வந்தார். "உனக்கு வெள்ளைதானே வேணும்? வரையறப்ப கீழே விரிச்சுக்கோ. பெயின்ட் சிந்தினா தோய்ச்சுப் போட்டுக்கலாம்."

விரித்தேன். பலகையைச் சுற்றி வெள்ளை. தாளின் மேல் இருந்த சிவப்புச் சாயல் போயே போய்விட்டது. வழுக்காமலிருக்க அடியில் சணல் சாக்கு. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி தரையைக் கீறும் என்பதால் அதற்குப் பதிலாக ரப்பர் பாதம் போட்ட முக்காலி.

14 படங்களையும் திரும்ப வரைந்தேன். ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டிய பிறகே அனுப்பினேன். 13 ஏற்கப்பட்டன. ஒன்று மட்டும் திரும்பி வந்தது. நிறத்தில் குறையில்லை, பசு மாட்டுக்குக் கொம்பு போட மறந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை வேட்டியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கிறார், அதே இரண்டு சொட்டு எண்ணெயோடு. அறை முழுக்கச் சிவந்து போகிறது. அந்த ஒரு மணி நேரம் நான் வரைவதில்லை. மாமாவின் மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன்.