ஒரு பகல் பொழுதில் மும்பை



இந்தியாவுக்குப் போய்வரும் நம்மவர்களில் பலருக்கு மும்பை என்பது விமானம் மாறும் ஊர். டில்லிக்கோ அஜ்மீருக்கோ போகும் வழியில் நாலைந்து மணித்தியாலம் விமான நிலையத்துக்குள் இருந்துவிட்டுப் போவார்கள். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் ஒரு நாள் தங்கிக் கல்யாணப் புடவை எடுப்பார்கள். ஊர் வந்ததும் "மும்பை பார்த்தோம்" என்பார்கள். பார்த்தது துணிக்கடை!

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு முழுப் பகலை ஒதுக்கி, ஊரை அறிந்த ஒரு வழிகாட்டியோடு அதன் பகுதிகளைச் சுற்றிப் பாருங்கள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மஃரிபோடு அறைக்குத் திரும்பிவிடலாம். நானும் என் மனைவியும் அப்படித்தான் போனோம். வழிகாட்டியாக வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். உர்தூவும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அரபுக் கல்லூரியில் கற்ற உர்தூ எனக்குக் கைகொடுத்தது. மனைவிக்கு நான் மொழிபெயர்ப்பாளர்.

நமது பெரியவர்களின் வாயில் இந்த ஊர் இன்னும் பம்பாய்தான். பெயர் மாறியது 1995இல். ஆதியில் இது ஏழு சிறு தீவுகள். போர்த்துக்கேயர் வசம் இருந்த இந்த இடத்தை, 1661ஆம் ஆண்டு தம் இளவரசி கத்தரீனை இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்ள்ஸுக்கு மணமுடித்துக் கொடுக்கும் உடன்படிக்கையில் சீதனமாக எழுதிக் கொடுத்தார்கள். சீதனத்தைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவோ பேசுகிறோம்; ஓர் ஊரையே சீதனமாகக் கொடுத்திருக்கிறார்கள்! மாப்பிள்ளைக்கு அதன் அருமை தெரியவில்லை போலும். 1668இல் வருடத்துக்குப் பத்துப் பவுண் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பனியிடம் விட்டுவிட்டார். தீவுகளுக்கிடையே இருந்த கடலைத் தூர்த்துத் தூர்த்து ஒரே நிலமாக்கியது பிந்திய கதை.

பயணம் வழக்கமாகத் தொடங்குவது கடற்கரையில் நிற்கும் 'கேட்வே ஒப் இந்தியா'விலிருந்து. 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாகத் திட்டமிட்டு 1924இல் முடித்த வளைவு. கடைசி ஆங்கிலப் படையணி 1948 பெப்ரவரி 28இல் இதே வாசலால்தான் கப்பலேறிப் போனது. எதிரே 1903இல் திறந்த தாஜ் ஹோட்டல். 2008 நவம்பரில் அங்கு நடந்த கொடூரத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். புறாக்களும் படம் பிடிப்பவர்களும் நிறைந்த இடம். கால் மணி நேரம் போதும்.

அங்கிருந்து புகையிரத நிலையத்துக்குப் போங்கள். விக்டோரியா டெர்மினஸ் என்று கட்டி, இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்று வழங்கும் நிலையம். 1878இல் தொடங்கிய வேலை முடியப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2004இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. எல்லோரும் அண்ணாந்து அதையே பார்ப்பார்கள். நீங்கள் சற்றுத் திரும்பி எதிர்ப்புறம் பாருங்கள். அங்கே நிற்பது அஞ்சுமனே இஸ்லாம் பாடசாலை. 1874இல் தொடங்கிய நிறுவனம். தொடக்கியவர்களில் ஒருவர் நீதிபதி பத்ருத்தீன் தையப்ஜீ. 1887இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று நம்மவர்கள் அஞ்சிய காலத்தில் இந்தக் கதவைத் திறந்தார்கள். தையப்ஜீ தம் பெண்மக்களையும் படிக்க வைத்தார். 1904இல் இரண்டு மகள்மாரை இங்கிலாந்துப் பாடசாலைக்கே அனுப்பினார். நான் ஆசிரியன் அல்லவா, அந்த வாசலில் வழிகாட்டி எதிர்பார்த்ததை விட அதிக நேரம் நின்றுவிட்டேன்.

நடக்கும் தூரத்தில் குரோஃபர்ட் மார்க்கெட். 1869ஆம் ஆண்டுக் கட்டடம். பழமும் மசாலாவும் வாங்கலாம். விலையைக் கேட்டவுடன் கொடுத்துவிடாதீர்கள். புறக்கோட்டையில் பேரம் பேசிய பழக்கம் உங்களுக்கு இங்கே உதவும்.

அருகே உள்ள ஜும்ஆப் பள்ளிவாசலில் ளுஹர் தொழுதேன். 1802இல் கட்டி முடித்தது. இந்தப் பள்ளியின் புதுமை அதன் ஹவ்ழு. கட்டடத்துக்கு முன் இருந்த குளத்தைத் தூர்க்காமல், அதற்கு மேல் கல் வளைவுகள் எழுப்பிப் பள்ளியை அமைத்திருக்கிறார்கள். அடியில் ஊற்று நீர், உள்ளே மீன்கள். படிக்கட்டில் இறங்கி வுழூச் செய்யும்போது வெளியே அப்படியொரு சந்தை இரைகிறது என்பதே மறந்துபோகிறது. பெண்கள் தொழுவதற்கு எங்கே இடமுண்டு என்று வழிகாட்டியிடம் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பள்ளியிலும் வசதி இருக்குமென்று எண்ண வேண்டாம்.

ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுவதும் ஹாஜிகளால் நிரம்பி வழியுமாம். மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல்கள் 1995 வரை ஓடின. கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் தங்கிய ஸாபூ ஸித்தீக் முஸாஃபிர்கானா இங்கேதான் இருக்கிறது.

வடக்கே நடந்தால் முஹம்மதலி வீதி, பெண்டி பஜார். மேமன், போரா, கோஜா, கொங்கணி என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு தெரு. மேமன்களையும் போராக்களையும் நாம் கொழும்பில் அறிவோம். அவர்களுடைய உறவு வேர்கள் பல இந்தத் தெருக்களைத் தொட்டுப் போகின்றன. போராப் பெண்கள் அணியும் இரண்டு துண்டு 'ரிதா'வின் நிறங்களைப் பார்த்து என் மனைவி நின்றுவிட்டார். இளநீலம், றோஸ், மஞ்சள், ஓரத்தில் லேஸ். மறைப்பு என்றால் கறுப்புத்தான் என்பதில்லை என்று என் காதில் சொன்னார். நான் மறுக்கவில்லை.

போராக்களின் ரவ்ழத் தாஹிரா என்ற வெண்பளிங்கு மண்டபத்தின் உட்சுவர்களில் குர்ஆன் முழுவதையும் பொன்னெழுத்தில் பதித்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய வேலைப்பாடு.

பெண்டி பஜாரின் பழைய கட்டடங்கள் வரிசையாக விழுந்து வருகின்றன. 2009இல் தொடங்கிய திட்டமொன்று பதினாறரை ஏக்கரை இடித்துக் கோபுர வீடுகள் கட்டுகிறது. ஒழுகும் கூரையிலிருந்து மின்தூக்கி உள்ள வீட்டுக்குப் போகிறவர்களை யார் குறைசொல்ல முடியும்? ஆனாலும் இதே கேள்வி பிற்பகலில் வேறு வடிவத்தில் எங்களுக்கு முன் வந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லி நிஹாரியும் ரொட்டியும் காலைக்கு உரியவை. பகலுக்குப் பிரியாணி உண்டு. நோன்பு இரவுகளில் மினாராப் பள்ளியடியில் மால்புவா பொரிக்கும் கடைகளுக்கு ஊரே திரண்டுவரும். மால்புவா என்பது முட்டையும் மாவும் கலந்து நெய்யில் பொரித்துப் பாகில் போடும் பண்டம். வட்டிலப்பத்துக்கு ஈடாகாது என்பது வீட்டாரின் தீர்ப்பு.

மகாலக்ஷ்மி நிலையத்தின் பக்கத்துப் பாலத்திலிருந்து கீழே பார்த்தால் தோபி காட் தெரியும். 1890 முதல் இயங்கும் திறந்தவெளிச் சலவைத் துறை. வரிசை வரிசையாகச் சீமெந்துத் தொட்டிகள். ஆஸ்பத்திரி, ஹோட்டல் துணிகள் கொடிகளில். எந்தத் துணி யாருடையது என்பதை அதிலிட்ட சிறு குறி காட்டுகிறது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில், கடலுக்குள் நீண்ட ஒரு பாதையின் முனையில் ஹாஜி அலீ தர்கா. 1431இல் எழுந்தது என்பது வரலாறு. கடல் பெருகினால் பாதை மூழ்கிவிடும், ஆகையால் நேரம் கேட்டுப் போங்கள்.

இங்கே உட்பகுதிக்குள் பெண்கள் செல்வதை 2012 அளவில் நிர்வாகம் நிறுத்தியது. அதற்கு முன் சென்று வந்தவர்கள்தான். முஸ்லிம் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2016 ஓகஸ்ட் 26இல் மும்பை உயர்நீதிமன்றம் தடை செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 29இல் பெண்கள் மீண்டும் உள்ளே சென்றார்கள். பெண்கள் கப்ரு ஸியாரத் செய்வது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு மிகப் பழையது. அதை இந்தப் பக்கத்தில் அவிழ்க்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: தலைமுறையாக வந்துபோனவளைத் திடீரென்று வாசலில் மறிப்பதென்றால், காரணத்தை அவளிடமே எடுத்துச் சொல்லும் கடமை மறிப்பவருக்கு உண்டு.

இனித் தாராவி. இதுதான் அன்றைய நாளின் பெரும்பகுதி.

போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது. "நம்முடைய வீட்டை யாராவது காசு கொடுத்து இப்படி வந்து பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. வழிகாட்டியிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். "நான் பிறந்ததே அங்கேதான், ஹஸ்ரத். வறுமையைக் காட்ட உங்களைக் கூட்டிப்போகவில்லை, வேலையைக் காட்டப் போகிறேன். படம் எடுக்கக் கூடாது, அழைக்காத வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது" என்றார். இந்த இரண்டையும் சொல்லாத வழிகாட்டியோடு நீங்கள் அங்கே போகாதீர்கள்.

இரண்டு சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நிலத்தில் எட்டு இலட்சம் பேர் என்றும் பத்து இலட்சம் பேர் என்றும் மதிப்பிடுகிறார்கள். சதுப்பு நிலத்தோரம் கோளி மீனவர்கள் இருந்த கிராமம் அது. பின்பு சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தமிழர்கள் வந்தார்கள், முஸ்லிம்களும் அவர்களில் அடக்கம். இங்குள்ள படீ மஸ்ஜித் 1887இல் தோன்றியது. தோல் பதனிடுதல் இப்போது அனேகமாக வெளியே போய்விட்டது. பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் மிஞ்சியிருக்கின்றன.

ஒரு பகுதியில் நகரம் எறிந்த பிளாஸ்டிக் எல்லாம் வந்து சேர்கிறது. நிறம் பிரித்து, நொறுக்கி, கழுவி, கூரையில் உலர்த்தி, உருக்கி, சிறு மணிகளாக்கி விற்கிறார்கள். உங்கள் வீட்டு வாளி அதில் ஒன்றாக இருக்கலாம். வேலை செய்யும் பையன்கள் பலர் பீஹாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்து வந்தவர்கள். இரவில் உறங்குவதும் அதே பட்டறையில். புகை தொண்டையை அடைக்கிறது. முகக்கவசம் அணிந்தவர் ஒருவரையும் நாங்கள் காணவில்லை. உழைப்பைப் புகழும்போது இதை விட்டுவிடக் கூடாது.

பெண்கள் வேலை செய்யும் சந்துக்குப் போனால் காற்றே மாறுகிறது. கவிழ்த்து வைத்த பிரம்புக் கூடைகளின் மேல் வட்ட வட்டமாக அப்பளங்கள் காய்கின்றன. பெண்கள் நிலத்தில் இருந்து உருட்டுகிறார்கள். 1959 மார்ச் 15இல் இதே மும்பையின் கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபா கடனோடு தொடங்கிய 'லிஜ்ஜத்' அப்பளம் இன்று நாற்பத்தைந்தாயிரம் பெண்களுக்கு வருமானம் தருகிறது. நடத்துபவர்களும் உருட்டும் பெண்களே. வீட்டை விட்டு விலகாமல் உழைக்க வழி தேடும் சகோதரிகள் அந்த வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் தமிழில் பேசுவது கேட்டு ஒரு பெண் தலை நிமிர்ந்தார்.

"தமிழாளா? எந்த ஊரு ராத்தா?"

"சிலோன்" என்றார் மனைவி.

"எங்க வாப்பாவோட மாமா கொழும்புல கடைல இருந்தாவ. உள்ள வாங்க. அஸரத்து, நீங்களும் இருங்க."

தேநீர் வந்தது. ஒரு முழு அறைதான் வீடு. ஏணி வைத்து ஏறும் மேல்மாடி. அவர்தான் பேச்சை எடுத்தார். தாராவியை முழுதாக மாற்றிக் கட்டும் திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு என்பது அறிவிப்பு. பின்னால் வந்தவர்களும் மேல்மாடிக்காரர்களும் தாராவிக்கு வெளியே போக வேண்டும்.

"மாமியாரு கீழ, நாங்க மேல. ஒரே ஏணி. இப்ப அவங்களுக்கு இங்க வீடாம், எங்களுக்கு எங்கயோ. சரி, குடுத்தாலும் பதினாலாவது மாடில அப்பளத்த எங்க கொண்டு காய போட?"

தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் வேண்டும், பொதுக் கழிவறைக்கு வரிசையில் நிற்கும் இழிவு தீர வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வயதுப் பெண்பிள்ளை உள்ள தாய் அவர். மாற்றம் வேண்டாம் என்பவரல்ல. சந்து போனால் தொழிலும் போகும் என்பதுதான் அவருடைய கவலை. கொம்பனித்தெருத் தோட்டங்களிலிருந்து மாடிவீடுகளுக்கு மாறிய நம் குடும்பங்களிலும் இடியப்பம் அவித்து விற்றவர்கள், பலகாரம் போட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். வாசல் போனபின் வாடிக்கை என்னவானது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்குச் சதுர அடிக் கணக்குப் போடுபவர்கள் பெண்ணின் உழைப்புக்குரிய இடத்தை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

அரைக் கிலோ அப்பளம் வாங்கினோம். தேநீருக்குக் காசு கொடுக்க முயலாதீர்கள், மனம் நோவார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை கடும் மழை, அக்காலத்தைத் தவிருங்கள். மூடிய சப்பாத்து அணியுங்கள், சந்துகளில் சாக்கடை ஓடும். கழிவறைக்குப் புகையிரத நிலையத்தை நம்புவதை விட, சாப்பிடும் கடையிலேயே தேவையை முடித்துக்கொள்வது நல்லது. கைக்குழந்தையோடு தாராவிக்குள் போக வேண்டாம்.

திரும்பும்போது வாகனம் வேண்டாம், புகையிரதத்தில் போங்கள். எல்லா வண்டியிலும் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. 1992 மே மாதம் முதல் முழு வண்டியே பெண்களுக்கென்று ஓடும் சேவையும் இருக்கிறது. நாங்கள் தங்கியிருந்தது அந்தேரியில். மாஹிம் நிலையத்தில் மனைவியைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு நானும் வழிகாட்டியும் அடுத்த பெட்டியில் தொங்கினோம். வண்டி அரை நிமிடம்தான் நிற்கும். ஐந்தாவது நிலையத்தில் இறங்க வேண்டும் என்று விரலைக் காட்டிச் சொல்லியிருந்தேன்.

மூன்று பேர் இருக்கும் ஆசனத்தில் நான்காவதாக ஒருவரை ஒட்டிக்கொள்ள விடுவது அங்கே எழுதாத சட்டமாம். மனைவிக்கு அந்த நாலாம் இடம் கிடைத்திருக்கிறது. அலுவலகம் விட்டு வீடு போகும் பெண்கள் இராச் சமையலுக்கு வண்டியிலேயே காய் நறுக்குகிறார்கள். பக்கத்தில் இருந்தவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாராம். பாஷை தெரியாத இவருடைய மடியில் ஒரு கைப்பிடியை வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தாராம். அந்தேரி வந்தபோது பாதிதான் உரித்திருந்ததாம்.