விடுபட்ட மூன்று நிமிடங்கள்

மத்ரஸாவில் கிதாபு ஓதிய நாட்களில் நம் உஸ்தாத் நமக்குக் கற்பித்த ஒழுக்கங்களுள் ஒன்று, ஒரே பிரதியை வைத்துக்கொண்டு ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது. கையெழுத்துக் காலத்தில் நூலைப் படியெடுத்து முடித்தவர், மூலத்தோடு அதனை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பார். அதற்கு முகாபலா என்று பெயர். விடுபட்ட சொல்லை ஓரத்தில் எழுதி, அதனருகே ‘ஸஹ்ஹ’ என்று குறிப்பார். இதுவும் மூலத்தில் உள்ளதே, சரியானதே என்பது அதன் கருத்து. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் அவர்கள் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்ததும் இதன் பொருட்டே. இவ்வளவும் படித்திருந்த நாம், குறைப்பட்ட ஒரு பிரதியைக் கண்டு ஒரு படைப்பையும், அதன் காரணமாக ஒரு பிள்ளையையும் கண்டித்துவிட்டோம்.

அப்படைப்பு கிதாபும் அன்று, காப்பியமும் அன்று. ‘எண்டர் தி டிராகன்’ என்னும் சண்டைப் படம். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டா, சற்றே பொறுத்தருள்க.

ஹாங்காங்கில் படமாக்கப்பட்ட அப்படம் 1973ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் நாயகர் புரூஸ் லீ அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 20ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் காலமாகிவிட்டார். நாம் அதனை முதன்முதலாகக் கண்டது 1985இல். சிங்கப்பூர் சபரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் வீடியோ டெக் கொண்டுவந்திருந்தார். கூடத்தில் பாய் விரித்து, தெருப் பிள்ளைகள் எல்லோரும் நெருக்கியடித்து அமர்ந்தோம். படியிலிருந்து படியாக எடுக்கப்பட்ட கேஸட் அது. முகங்கள் நீரில் கரைந்தவைபோல் தெரிந்தன. யார் யாரை எதற்காக அடிக்கிறார் என்பது விளங்கவில்லை. அடித்தார் என்பது மட்டும் விளங்கியது.

1996இல் நாம் ஆசிரியப் பணியில் இருந்தோம். நம் சகோதரியின் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கிருந்தோ அதே படத்தின் கேஸட்டைக் கொணர்ந்து, பள்ளி விட்டு வந்ததும் அதையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு இரண்டு குறுந்தடிகளைச் சங்கிலியால் பிணைத்து, கொல்லைப்புறத்தில் சுழற்றிப் பழகினான். ஒருநாள் அது அவன் தங்கையின் நெற்றியில் பட்டுவிட்டது. நாம் தடிகளை அடுப்பிலிட்டோம். கேஸட்டைக் கிணற்றில் எறிந்தோம். அத்தோடு நின்றிருக்கலாம். மறுநாள் வகுப்பில், அவனும் அமர்ந்திருக்க, “அடிப்பதையும் கொல்வதையும் தவிர வேறொன்றும் இல்லாத குப்பை அது, அதைப் பார்ப்பவன் தலையிலும் வேறொன்றும் இராது” என்றோம். பிள்ளைகள் சிரித்தனர். அவன் தலை கவிழ்ந்திருந்தான். அதன் பிறகு நம்மிடம் அவன் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

சிங்கப்பூரில் பணிபுரியும் அவன், கடந்த ஆண்டு விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டியை நம் முன் வைத்தான். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட புரூஸ் லீ படத்தொகுப்பு. அந்த வட்டுகள் நம் நாட்டுக் கருவிகளில் ஓடா என்பதால் கருவியையும் உடன் கொணர்ந்திருந்தான். “மாமா, நீங்கள் முகாபலா சொல்லிக்கொடுப்பவர் அல்லவா? இதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்” என்றான். குரலில் கேலி இல்லை. நாமும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம்.

முதலில் நம் கண்ணில் பட்டது படத்தின் அகலம். இப்படம் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டேகால் மடங்குக்கும் மிகுந்த அகலத்தில் எடுக்கப்பட்டது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையோ மூன்றுக்கு நான்கு என்ற அளவினது. அதை நிரப்புவதற்காகக் கேஸட் தயாரித்தவர்கள் படத்தின் இரு பக்கங்களையும் வெட்டினர். நூற்றில் நாற்பது பங்குக்கு மேல் கழிந்துபோயிற்று. ஏட்டின் இரு ஓரத்தையும் செல்லரித்துவிட்டால் நடுவில் எஞ்சிய சொற்களைக் கொண்டு செய்யுளைப் படிப்பது எப்படியோ, அப்படித்தான் நாம் 1985இல் படித்திருக்கிறோம். கதையின் முடிவில் நாயகனும் பகைவனும் கண்ணாடிகள் சூழ்ந்த அறையில் மோதுகின்றனர். ஒருவனே பலராய்த் தோன்ற, உரு எது நிழல் எது என்று தெரியாமல் நாயகன் திகைக்கிறான். அத்திகைப்பு அகன்ற திரையில்தான் நமக்கும் நேர்கிறது.

இதனினும் பெரிது விடுபட்ட பகுதி. 1973இல் மேலை நாடுகளில் காட்டிய படம் 99 நிமிடம். 1998இல், வெள்ளிவிழாவை ஒட்டி வார்னர் நிறுவனம் வெளியிட்ட பதிப்பு 102 நிமிடம். கூடுதலாக வந்த மூன்று நிமிடங்களில் பெரும்பகுதி, தொடக்கத்தில் ஷாவோலின் மடத்தின் தலைவரும் நாயகனும் நடந்துகொண்டே பேசும் உரையாடல். ஹாங்காங் பிரதியில் முன்னரே இருந்த அதனை மேலை நாட்டுப் பிரதிகளில் நீக்கியிருந்தனர். கண் வழுக்கிய எழுத்தன் செய்த பிழையன்று அது. தெரிந்தே செய்த நீக்கம்.

அவ்வுரையாடலில் முதிய ஆசிரியர், நீ அடைய விரும்பும் உயர்ந்த நுட்பம் யாது என்று வினவுகிறார். நுட்பம் என்பதே இல்லாதிருத்தல் என்ற கருத்தில் மாணவன் விடை பகர்கிறான். எதிரி முன் நிற்கும்போது உள்ளத்தில் என்ன இருக்கும் என்கிறார். எதிரி என ஒருவன் இல்லை, ‘நான்’ என்பது இல்லாமையால் என்கிறான். (இதனை நம் ஸூஃபியாக்களின் வாக்கோடு அவசரப்பட்டு முடிச்சுப் போடுவது முறையன்று. அது அவர்கள் மரபில் விளைந்த சொல். அவர்கள் வயலிலேயே நிற்கட்டும்.) பகைவன் காட்டுவன வெறும் உருவெளிகளே, அவற்றை உடைத்தால் அவனை வெல்லலாம் என்றும் ஆசிரியர் உணர்த்துகிறார். கண்ணாடி அறையில் அச்சொல்லே நாயகனுக்கு நினைவில் எழ, அவன் கண்ணாடிகளை உடைக்கத் தொடங்குகிறான். உரையாடல் இல்லாத பிரதியில் அது அகப்பட்ட நேரத்தில் தோன்றிய தந்திரம். உள்ள பிரதியிலோ, மாணவன் ஆசிரியருக்குச் செலுத்தும் கடன்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் விந்தை. அங்குள்ள தணிக்கை வாரியத்தார், இளைஞர்கள் பார்த்துப் பழகிவிடுவர் என்று அஞ்சி, நுன்சாக்கு என்னும் அந்தச் சங்கிலித் தடி வரும் காட்சிகளை 1970களின் இறுதியில் வெட்டினர். வீட்டுக் கேஸட்டுகளிலும் அவை இல்லை, 2001இல்தான் மீண்டன. தங்கையின் நெற்றித் தழும்பைக் கண்ட நாம் அவ்வச்சத்தை எள்ளி நகையாட மாட்டோம். ஆயினும் பாருங்கள்: அவர்களுடைய பிரதியில் போதனையும் இல்லை, தடியும் இல்லை. நம் வீட்டுப் பிரதியில் போதனை இல்லை, தடி மட்டும் இருந்தது.

1998க்குப் பின் நீண்ட பதிப்பே எங்கும் பரவ, முதலில் உலகம் கண்ட 99 நிமிடப் பிரதி கிடைப்பதரிதாயிற்று. திருத்திய பாடம் வந்துவிட்டதென்று பழைய பாடத்தை அழிப்பது பதிப்பு அறமாகாது. இத்தொகுப்பில் இரண்டையும், குறும்பிரதியை அதன் பழைய ஒற்றைத்தட ஒலியோடும், பக்கத்தில் பக்கமாக வைத்திருக்கின்றனர். பிறகு 2023இல் வார்னர் வெளியிட்ட 4கே வட்டிலும் இரண்டும் உள்ளன. பழைய ஒலி மெல்லியதுதான். பின்னாளில் பல தடங்களாக்கிய ஒலியின் ஆரவாரத்தைவிட நமக்கு அதுவே பிடித்தது.

இவ்வளவும் குறித்துக்கொண்டு, நாம் பார்த்த பிரதி குறைப்பட்டது, ஆகவே நம் தீர்ப்புப் பிழைத்தது என்று ஒதுங்கிக்கொள்ளலாம் என்றே எண்ணினோம். அப்போதுதான் அந்தச் சிறுவன் வரும் காட்சி வந்தது. நாயகன் ஒரு மாணவனுக்கு உதைக்கக் கற்றுக்கொடுக்கிறான். சினத்தோடு உதைக்கிறான் சிறுவன். சினம் வேண்டாம் என்று திருத்துகிறான் ஆசான். நிலவைச் சுட்டும் விரலையே பார்த்திருந்தால் நிலவை இழப்பாய் என்ற கருத்தைச் சொல்லி, விரலைப் பார்த்த சிறுவனின் தலையில் ஒரு தட்டும் தட்டுகிறான். இக்காட்சி நெடும்பிரதிக்கு மட்டும் உரியதன்று. 99 நிமிடப் பிரதியிலும் உண்டு. “மாமா, கிணற்றில் போனதிலும் இது இருந்தது” என்றான் மருமகன்.

நாம் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தோம். அன்று வகுப்பில் சொன்னது தவறு என்று அவனிடம் சொல்ல இத்தனை ஆண்டுகள் கழித்து வாய் வந்தது. தடியை எரித்தது பற்றி வருத்தமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

அவன் வட்டைக் கவனமாக எடுத்து உறையில் இட்டான். “அந்தக் கேஸட் என்னுடையது இல்லை, மாமா. கூட்டாளியிடம் இரவல் வாங்கியது. இரண்டு பெருநாள் காசு சேர்த்துக் கொடுத்தேன்” என்று சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவர உள்ளே சென்றான்.