பேசாத பெட்டி

மும்பைக்கு வந்து குடியேறிய நம்மவர்களிற் பலர் அலுவலகங்களிலே பேனா பிடித்தார்கள். சிலர் பட்டறைகளிலே ஸ்பானர் பிடித்தார்கள். என் தந்தையார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். சயான் பக்கத்தில் ஒரு சிறு பட்டறை வைத்து, பியட் டாக்சிகளைப் பழுது பார்த்து எங்களை ஆளாக்கினார். பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பின்னும் மும்பைவாசிகளின் வாயில் அது பியட்டாகவே இருந்தது. அந்த இனத்தின் கடைசி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது. அந்த வண்டியில் ஒரு விளக்கு எரியவில்லையென்றால், அதற்குச் செல்லும் ஒற்றைக் கம்பியைப் பின்தொடர்ந்து போனால் போதும், பழுது அகப்பட்டுவிடும்.

இன்று அதே பட்டறையை நான் நடத்துகிறேன். இக்கால வண்டியின் அமைப்போ வேறு. எஞ்சினுக்கு ஒரு மின்னணுப் பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று பல உண்டு. அவை ஓயாமல் செய்தி பரிமாறிக் கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே தனித்தனிக் கம்பி இழுத்தால் வண்டி முழுதும் கம்பியாகிவிடும். அதனால் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் 1983-இல் ஆராயத் தொடங்கி, 1986-இல் ‘கான்’ என்னும் முறையை வெளியிட்டனர். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகள். ஊர்ச் சாவடியில் ஒருவர் பேசுவதை எல்லோரும் கேட்பது போல, எல்லாப் பெட்டிகளும் அவற்றிலேயே பேசும், அவற்றிலேயே கேட்கும். ஒரு பெட்டியின் குரல் உரிய நேரத்தில் வராவிட்டால், மற்றவை “இன்னாரோடு தொடர்பு அற்றது” என்று தம் நினைவில் குறித்து வைக்கும். ஸ்கேனரை மாட்டினால் அந்தப் புகாரை நாம் படிக்கலாம்.

அதைச் சரியாகப் படிக்காமல் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மழைக்காலத்தின் முடிவில், தாராவியில் வசிக்கும் ஒரு டாக்சிக்காரர் வந்தார். திருநெல்வேலிக்காரர், நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். “தம்பி, வண்டியைத் திருப்பும்போது திடீரென்று ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கிறது. பிறகு தானே சரியாகிவிடுகிறது. சவாரி ஏற்றவே பயமாயிருக்கிறது” என்றார்.

ஸ்கேனரை மாட்டினேன். எஞ்சின் பெட்டி, பிரேக் பெட்டி இரண்டிலும் ஒரே குறி: யு0131. ஸ்டீயரிங் பெட்டியோடு தொடர்பு அற்றது என்பது அதன் பொருள். பாட்டரியைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 6-ஆம் முனைக்கும் 14-ஆம் முனைக்கும் இடையே தடையை அளந்தேன். கான் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். சேர்ந்து 60 ஓம் காட்டினால் நெடுங்கம்பி முழுமையாக இருக்கிறது. 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. சுழிக்கு அருகில் வந்தால் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன. எனக்கு 60 காட்டியது. பெட்டிக்கு வரும் மின்சாரத்தை அளந்தேன். 12 வோல்ட் இருந்தது. கம்பி நன்று, மின்சாரமும் நன்று; ஆகவே பெட்டிதான் செத்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி, மனைவியின் வளையல்களை அடகு வைத்து 27,000 ரூபாய் கொண்டுவந்தார். புதுப் பெட்டி பூட்டினேன். வண்டி நன்றாக ஓடிற்று. மூன்றாம் நாள் மாலை அவர் மறுபடியும் வந்து நின்றார். கோபித்துக்கொள்ளவில்லை. “என்ன தம்பி, திரும்பவும் கனக்கிறதே” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது.

அன்றிரவு, கழற்றி வைத்த பழைய பெட்டியை மீண்டும் பூட்டி, அதன் நினைவை மட்டும் தனியே திறந்து படித்தேன். செத்ததாக நான் சொன்ன பெட்டி உடனே பதில் சொன்னது. தன் குறையையும் தானே எழுதி வைத்திருந்தது: மின்னழுத்தம் குறைவு. முதல் நாளே அது அங்கே இருந்திருக்கும். சாட்சிகள் எல்லோரையும் விசாரித்த நான், குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் எர்த் கம்பியிலும் மறு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்து, உதவியாளனை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாத இடத்தில் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பாட்டரித் தட்டின் அடியில் இருந்த எர்த் போல்ட் மழைநீரில் துருவேறிப் பூத்திருந்தது. நேரே ஓடும்போது ஸ்டீயரிங் மோட்டாருக்குச் சிறு மின்சாரம் போதும். திருப்பும்போது நிறைய வேண்டும். அப்போது அந்தத் துரு வழிமறிக்க, பெட்டி மின்சாரமின்றி மயங்கி வாய் மூடிற்று. பாரமில்லாமல் அளந்த என் 12 வோல்ட் என்னை ஏமாற்றிவிட்டது. புதுப் பெட்டி மாட்டியபோது பாட்டரியைக் கழற்றி வைத்ததில் போல்ட் சற்றே அசைந்து பற்றியிருக்க வேண்டும். அதனால்தான் அந்த இரண்டு நாள் சுகம். தந்தையார் எதையும் ஒரு முகப்பு விளக்குப் பல்பை மாட்டி, பாரம் ஏற்றித்தான் சோதிப்பார். அந்தப் பல்பு இன்னும் என் மேசை அறையில் கிடக்கிறது. நான்தான் எடுக்கவில்லை.

போல்ட்டைத் தேய்த்து, கிரீஸ் பூசி முடுக்கினேன். பழைய பெட்டியே இன்றுவரை ஓடுகிறது.

மறுநாள் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்வதா, புதுப் பெட்டியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா என்று என் மனம் தடுமாறியதை மறைக்கமாட்டேன். விற்ற பெட்டியைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். கையிலும் பணம் இல்லை. ஆயினும் சொன்னேன், நான்கு மாதத் தவணையில் பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். வளையல்கள் மீண்ட நாளில் அவர் ஒரு பொட்டலம் அல்வா கொண்டுவந்து கொடுத்தார். புதுப் பெட்டி என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. இளைஞர்கள் தொழில் கற்க வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊரிலுள்ள என் தம்பி இரண்டு மாதமாகப் பேசவில்லை. அவன் கோபமாக இருக்கிறான் என்று அத்தையும் மாமாவும் மாறி மாறிச் சொன்னார்கள், நானும் நம்பியிருந்தேன். பெட்டி பேசிய மறுநாள் அவனை நேரே அழைத்தேன். கோபம் ஒன்றும் இல்லையாம். மழையில் நெல் போய், கடன் ஏறி, எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு இருந்திருக்கிறான். நெடுநேரம் பேசினோம்.

தொலைவில் வாழும் நமக்கு, பேசாதவர்களைப் பற்றிய செய்தி பிறர் வாயிலாகவே மிகுதியும் வருகிறது. தீர்ப்புச் சொல்லுமுன் அவர்களையே ஒருமுறை கேட்டுவிடலாம் அல்லவா?